முழுக்கூடா, அரைக்கூடா

கண்ணாடியக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முடிவுக்கு வருவதற்குள் கூட இருப்பவர்களை ஒரு வழி பண்ணிவிடுவாள் என்பதும் தெரியும். ஒரு ஜோடி செருப்பு வாங்கத் தெருவிலுள்ள கடைகளையெல்லாம் ஏறி இறங்குவாள். எடுத்ததைப் போட்டுக் கடைவாசல்வரை நடந்து பார்ப்பாள், திரும்பி வருவாள், கழற்றுவாள். கடைப்பையனுக்குக் கண்ணைக் கட்டும். "எல்லாம் செருப்புதானே, ஏதாவது ஒண்ண எடேன்" என்பார் அவள் வீட்டுக்காரர். "நடக்கப்போறது உங்க கால் இல்லீங்களே" என்பாள்.

கண்ணாடியக்கா என்ற பெயர் வந்தது அவள் செய்த வேலையால். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் வயதில் பாதி போயிருந்தது. வட்டமாக வந்து இறங்கும் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு அரைத்து, விளிம்பைத் தேய்த்து, பள்ளத்தில் சொடக்கென்று உட்கார வைப்பதுதான் வேலை. துளி கூடுதலாக அரைத்தால் லென்ஸ் ஆடும், துளி குறைந்தால் ஃப்ரேம் பிளக்கும். நாள் முழுக்க அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் இருந்துவிட்டு, மாலையில் தம்பியின் இசைக்குழுவில் போய் அதைவிட இரைச்சலாகக் கிட்டார் வாசிப்பாள்.

தம்பி டிரம்ஸ். அடித்தான் என்றால் பக்கத்து மேஜைத் தண்ணீர்க் குவளை நகரும். பார்ட்டி ஹால்கள், அலுவலக ஆண்டு விழாக்கள், பிறந்தநாள் விருந்துகள் என்று குழுவுக்கு ஓய்வில்லை. அக்காவிடம் இருந்தது உள்ளே பொட்டு வெற்றிடம் இல்லாத கெட்டிப் பலகைக் கிட்டார். எவ்வளவு சத்தம் வைத்தாலும் தாங்கும். ஜனங்கள் எழுந்து ஆடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே வாசிப்பாள். ஆனால் அவள் மனசு அதில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துத் தையல்கடையில் மதிய வேளைகளில் டேப் ஓடும். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர் வழியாக ஒரு வாத்தியம் கேட்கும். ஒவ்வொரு சுரமும் கனிந்து, உருண்டு வந்து, கொஞ்சம் நின்று, தானே அடங்கிவிடும். முதலில் அதைப் பியானோ என்றே நினைத்தாள். போய்க் கேட்டபோது தையல்காரர், "கிட்டாரும்மா. ஜாஸ் கிட்டார்" என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தன்னிடம் இருப்பதும் கிட்டார்தானே, இது ஏன் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை? அன்றிலிருந்து டேப் வாங்கி, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். வருஷக்கணக்கில் பிடித்தாள். பார்ட்டியில் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனது.

அந்த "அப்புறம்" ஒரு பார்ட்டி ஹாலின் மாடிப்படியில் முடிந்தது. கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஏறியவளுக்குப் பாதியில் மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. சோர்வு என்று நினைத்தது சோர்வு இல்லை, இதயத்தில் ஒரு வால்வு பழுது. மார்பெலும்பைப் பிளந்து, பழுதை எடுத்து, உலோக வால்வு ஒன்றைப் பொருத்தி, திரும்பக் கட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்தக் கப்பியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றினார்.

"ஏம்மா, பேட்டரி இல்லாமலே ஓடுதே?"

"அது என் நெஞ்சுங்க" என்றாள் அவள்.

அவர் கடிகாரத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட மார்பில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். உலோக வால்வு மூடும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம். சந்தடியில் கேட்காது. அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

வேலையிலும் மாற்றம். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் லேசில் நிற்காது. "கண்ணாடி விளிம்போட இனி உங்களுக்கு வேலை வேணாம்மா" என்று முதலாளி அவளைக் கண் பரிசோதிக்கும் இருட்டறைக்கு மாற்றினார். பரிசோதனை அவளுக்குத் தெரிந்த வேலைதான், ஆள் குறையும் நாட்களில் செய்து பழகியிருந்தாள். ஆனால் அந்த அறையைப் போல நிசப்தமான இடம் கடையிலேயே கிடையாது.

"கடிகாரம் எங்கங்க இருக்கு?" என்று நாற்காலியில் உட்காருகிறவர்கள் இருட்டில் தேடுவார்கள்.

"பக்கத்து ரூம்ல. நீங்க எழுத்தப் பாருங்க" என்பாள்.

பிறகு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டதா?" என்று கேட்பாள். பாதிப்பேர் பரீட்சை எழுதுவது போலப் பயப்படுவார்கள். அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்துச் சொல்வார்கள். "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லீங்க. உங்க கண்ணுக்கு எது தெளிவோ அதச் சொல்லுங்க" என்று தினமும் யாருக்காவது சொல்லவேண்டியிருந்தது.

டாக்டர் கிட்டாரைத் தொடலாம் என்று அனுமதித்த வாரம், தம்பி ஒரு பார்ட்டித் தேதியோடு வந்து நின்றான்.

"நான் வரல" என்றாள்.

"ஒரு மாசம் கழிச்சு வச்சுக்கலாமாக்கா?"

"இனிமே பார்ட்டிக்கே வரல. எனக்குப் பிடிச்சத வாசிக்கப் போறேன். பஸ் ஸ்டாண்டு எதிர்ல காப்பிக் கடை இருக்குல்ல, அந்தக் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். நான் தயாரானதும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாசிக்கச் சொல்லியிருக்கார். சத்தம் போடக்கூடாதாம். பேசுறவங்க பேசிட்டுதான் இருப்பாங்களாம்."

"யாரு கேப்பாங்க அத?"

"நான் கேப்பேன்" என்றாள் அக்கா.

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார். குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் மருந்துக்கடைக்காரர் மட்டும், அவள் போன் பண்ணிக் கேட்டவுடன், "ம்" என்றார். அவர் எதற்குமே அதற்கு மேல் பேசியதில்லை.

பலகைக் கிட்டாரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் வீட்டுக்காரரும் தம்பியும் கிட்டார் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், பொறுமைசாலி. ஜாஸுக்கு என்றதும் சுவரிலிருந்து இரண்டை இறக்கி வைத்தார். இரண்டிலும் வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். ஒன்று ஒல்லி, ஒன்று பருமன்.

"இது செமி-ஹாலோ. பக்கவாட்டுல கூடு, நடுவுல மட்டும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு மரக்கட்டை ஓடுது. சுரம் நீளமா நிக்கும், சத்தம் கூட்டினாலும் ஊளையிடாது. அது ஹாலோ-பாடி. உள்ள ஒண்ணுமே இல்ல, முழுக்கக் கூடு. குரல் நல்லா இருக்கும். ஆனா கொஞ்சம் சத்தம் கூடினா ஆம்ப்லேருந்து வர்ற சத்தத்த அதுவே வாங்கித் திரும்ப ஊளையிட ஆரம்பிச்சுடும்."

"அப்ப அரைக்கூடு, முழுக்கூடு" என்றான் தம்பி. அன்றிலிருந்து அதுவே பெயராயிற்று.

"ஒல்லியானதையே எடும்மா, பாரம் இருக்காது" என்று சொன்ன வீட்டுக்காரர், இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு முழித்தார். ஒல்லி கனத்தது. பருமன் காலிப் பெட்டி போல மேலே வந்தது.

"கட்டை இருக்குல்ல சார்" என்றார் கடைக்காரர்.

அரைக்கூட்டை முதலில் வாசித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்ததைப் போட்டு, டோன் குமிழைக் குறைத்தால், ஓசை நன்றாகவே கனிந்தது. தம்பி கட்டை விரலை உயர்த்தினான்.

அப்புறம் முழுக்கூட்டை மடியில் வைத்தாள். அதன் அகலமான முதுகு அவள் மார்பில் பதிந்தது. வாசிப்பதற்கு முன்பே கடைக்காரர் நிமிர்ந்து, மேஜை மேல் இருந்த, டிக் டிக்கென்று வேகம் காட்டும் தாளக்கருவியை எடுத்துப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது. கூடு அவளுடைய டிக் டிக்கை வாங்கி, ஊதிப் பெரிதாக்கி, துளை வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கார்டைத் தொட்டாள்.

தையல்கடைச் சுவர் வழியாக வந்த ஓசை இது. உருண்டு வந்தது, நின்றது, அடங்கியது. அடங்கிய இடத்தில் டிக் என்றது. அவள் மெதுவான ஒரு பாட்டை எடுத்தாள். இதயமோ தன்பாட்டுக்கு அதைவிட வேகமாக ஓடியது. விரல் பாட்டோடு போவதா நெஞ்சோடு போவதா என்று தடுமாறி, இரண்டாவது வரியிலேயே தாளம் தப்பியது. இத்தனை வருஷத்தில் தாளம் தப்பியதாக யாரும் அவளைச் சொன்னதில்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

"அரைக்கூடே போதும்க்கா" என்றான் தம்பி. குரல் ஒரு மாதிரி இருந்தது. எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அவள் திரும்பி நிற்கவேண்டும், கடைக்காரர் இரண்டையும் வாசிப்பார், எது எது என்று அவள் சொல்லவேண்டும். வாசித்தார். அவள் துணிச்சலாகச் சொன்னாள். தப்பு. மறுபடி வாசித்தார். மறுபடி தப்பு. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஊரெல்லாம் எதும்மா தெளிவுன்னு கேக்குறே, உனக்கே தெரியலையே!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே சுருக்கென்றது. காதுக்கே தெரியாத வித்தியாசத்துக்காக ஊளையையும் டிக் டிக்கையும் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? அரைக்கூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அது நல்ல கிட்டார். அதன் மேல் பழி போட ஒன்றுமில்லை. மாத்திரையால் விரல்நுனி கன்றிப்போகாமல் இருக்க, வழவழவென்று தட்டையாகச் சுற்றிய கம்பிகளை மாட்டிக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தாள். நெஞ்சின் சத்தம் நடுக்கட்டையில் மோதி அங்கேயே அமுங்கிப்போனது. வாசிக்கும் நேரத்தில் மட்டும் தனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பின்னால் உறுத்தியது.

ஒரு நாள் வீட்டுக்காரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார்: "அன்னிக்குக் கடையில அந்தப் பெரிசுல வேற மாதிரி வாசிச்சியே, அத ஏன் இப்ப வாசிக்கிறதில்ல?"

"அதே பாட்டுதாங்க."

"பாட்டு எனக்கென்ன தெரியும். அதுல கொஞ்சம் சொல்லி, நிறுத்தி, யோசிச்சு, அடுத்தது சொன்ன மாதிரி இருந்துச்சு. இதுல நிறுத்தாம பேசிட்டே போற. எங்க சூப்பர்வைசர் மாதிரி."

அவள் கை நின்றுவிட்டது. அவர் சொன்னது அப்படியே உண்மை. அரைக்கூட்டில் சுரம் நீளமாக நிற்கிறது. நிற்பதால் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அடுத்ததற்குப் போய்விடுகிறாள். முழுக்கூட்டில் அது சீக்கிரம் அடங்கிவிடும், அடுத்து என்ன என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாகவேண்டும். அன்றைக்குக் கடைக்காரர் வாசித்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். தனக்கு அப்படி இல்லை. எது தெளிவு என்று கேட்கவேண்டியது காதை அல்ல, கையை. கேட்காமல், டிக் டிக்குக்குப் பயந்து, தான்தான் பரீட்சை எழுதுகிறவளைப் போலப் பக்கத்திலிருந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"நாளைக்கு சாயங்காலம் கடைக்குப் போறோம்" என்றாள்.

"எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஷூவைக் கீழே வைத்தார். "செருப்புக்கடை கதையா? சரி, போவோம்."

தாடிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அரைக்கூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, முழுக்கூட்டை எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தார். "ஆம்புக்கு நேரா நிக்காதீங்க, சாய்வா உக்காருங்க. ஆம்புல அடிச்சுரத்தோட சத்தத்தக் குறைச்சு வைங்க. அப்பவும் ஊளையிட்டா கையால கம்பிய மூடுங்க" என்று மட்டும் சொன்னார்.

முனகிக்கொண்டே வியாழக்கிழமைக்குச் சம்மதித்திருந்த தம்பியின் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒத்திகை. வாசல்வரை வந்துவிட்ட பெரிய பெட்டியைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது. டிரம்ஸில் உட்கார்ந்து, வழக்கத்தைவிட ஓங்கி அடித்தான். அவன் சத்தத்துக்கு மேலே கேட்க அக்கா ஆம்பைக் கூட்டினாள். கூட்டியதுதான் தாமதம், முழுக்கூடு அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது. மருந்துக்கடைக்காரர் முதல்முறையாக, "ம்ஹும்" என்றார்.

"குச்சிய வச்சிட்டு, தோல மெல்ல வருடுற கம்பிப் பிரஷ் எடுத்து வாசிடா. மெதுவா" என்றாள்.

"துடைப்பத்தால பெருக்குறதுக்கு நான் வரலக்கா. அரைக்கூடு இருந்துச்சே, என்ன குறை அதுல? எல்லாரும் சொல்லியும் ஏன் இப்படி அடம் பிடிக்கிற?"

"வாசிக்கப்போறது நான்."

"அப்ப நான் இல்ல."

"சரி, வராத" என்றாள். "நாங்க ரெண்டு பேரே பாத்துக்கறோம்."

அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போனான். தன் வீட்டிலிருந்தே கோபித்துக்கொண்டு வெளியே போகிறோம் என்பது பாதிப் படியில்தான் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறமும் திரும்பி ஏறி வரவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து வேலையில் இறங்கினாள். ஆம்பை ஒரு மூலையில் வைத்து, நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, எந்தக் கோணத்தில் ஊளை வருகிறது, எதில் வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். அது எளிதில் முடிந்தது. நெஞ்சுதான் முடியவில்லை. கிட்டாரின் முதுகுக்கும் தன் மார்புக்கும் நடுவே துண்டை மடித்து வைத்துப் பார்த்தாள். டிக் டிக் போனது, கூடவே ஓசையின் உயிரும் போனது. துண்டைத் தூக்கிப் போட்டாள்.

பிறகு, தாளக்கருவியைப் பாட்டின் வேகத்துக்கு ஓடவிட்டு, நெஞ்சு அதன் வேகத்துக்கு ஓட, வாயால் எண்ணிக்கொண்டே வாசித்தாள். இரண்டும் விலகும், கிட்டே வரும், ஒரு கணம் சேரும், மறுபடி விலகும். சேரும் இடத்தில்தான் வழுக்கியது. நெஞ்சோடு போய்விடத் தோன்றும். போகாமல் பல்லைக் கடித்துப் பாட்டையே பிடித்துக்கொண்டாள். வாரங்கள் போயின. பஸ்ஸில் நின்றபடி காலால் ஒரு தாளம், விரலால் ஒரு தாளம் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்தபிறகுதான் கவனித்தாள், நெஞ்சு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தெருவில் போகும் வண்டியைப் போல அது தன் வழியில் போயிற்று, இவள் தன் வழியில் போயிருக்கிறாள்.

காப்பிக் கடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கண்ணாடிக் கடை இருட்டறையின் திரையை விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். கண் சரியாகத் தெரியவில்லையாம். செல்போனைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிப்பதை அவளும் கவனித்திருந்தாள்தான். நாற்காலியைக் காட்டினாள். விளக்கை அணைத்தாள். லென்ஸ் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டினாள்.

இருட்டில் டிக், டிக் என்று கேட்டது.

"முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டதா?"

அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"டேய், எழுத்தப் பாரு."

"முடியலக்கா" என்றான். "எழுத்து இல்ல. இந்தச் சத்தம். இதக் கேட்டா எனக்கு அடுத்தது வருமா வராதான்னே காது போகுது. ஆஸ்பத்திரியிலயும் அதனாலதான் உள்ள வரல. மாமா தப்பா நினைச்சிருப்பார். அந்தப் பெரிய கிட்டார மடியில வச்ச உடனே கடை பூரா அதுதான் கேட்டுச்சு. அதுதான் ஓங்கி ஓங்கி அடிச்சேன்."

அவள் கையில் லென்ஸ் அப்படியே இருந்தது. அவன் அடம் என்று நினைத்திருந்தாள். மாதக்கணக்கில் அவன் தன் பக்கத்தில் உட்காராததை, பேசும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டியதை இப்போதுதான் சேர்த்துப் பார்த்தாள்.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "ஒண்ணொண்ணா எண்ணிட்டுக் கிடப்பேன். இப்ப இல்ல. கேக்குதுன்னா ஓடுதுன்னு அர்த்தம்டா. கேக்காட்டிதான் பயப்படணும்."

இருட்டில் அவன் மூக்கை உறிஞ்சினான். லென்ஸ் சட்டத்துக்குக் கீழே கையை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"லென்ஸ அழுக்காக்காத. கடைப் பொருள்" என்றாள் அக்கா. "சொல்லு, முதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"நிஜமா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"நிஜமா. அதுல எல்லா எழுத்தும் தெரியுது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான், "அந்தத் துடைப்பம் எந்தக் கடையில கிடைக்கும்?"

வியாழக்கிழமை காப்பிக் கடையில் பாதி மேஜைகள்தான் நிரம்பியிருந்தன. அக்கா ஆம்பைச் சுவர் மூலையில் வைத்து, நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, தன் கோணம் கிடைத்ததும் உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். தம்பி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரஷ்களைப் பூனைக்குட்டியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் கடைசி மேஜையில், குடிக்காத காப்பியோடு.

முதல் பாட்டின் நடுவில் முழுக்கூடு ஒரு தடவை ஊளைக்குத் தொண்டையைச் செருமியது. அவள் உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அமுக்கி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். தாளம் தப்பவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். இரண்டாவது பாட்டில் ஒரு மேஜை அமைதியானது. மூன்றாவதில், சுரம் அடங்கி அடுத்தது வருவதற்கு முன்னால் இருந்த இடைவெளியில், தம்பி பிரஷ்ஷை டிரம்மின் தோல் மேல் வைத்தபடி அசையாமல் காத்திருந்தான். அவனுக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்திருந்ததால் அந்த இடைவெளியில் என்ன கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஓங்கி அடிக்கவில்லை. அவள் வரும்வரை காத்திருந்து, கூடவே வந்தான்.

முடிந்ததும் காப்பிக் கடைக்காரர் வந்தார். "கூட்டம் ரொம்ப இல்லம்மா. ஆனா வந்தவங்க எழுந்து போகவும் இல்ல. ரெண்டாவது காப்பி கேட்டாங்க. அடுத்த வியாழக்கிழமையும் வாங்க."

அடுத்த வியாழனும் போனார்கள், அதற்கடுத்ததும் போனார்கள். தம்பி பார்ட்டிகளுக்கு வேறு கிட்டார்க்காரரைப் பிடித்துக்கொண்டான். அங்கே பழையபடி குவளைகள் நகர அடிக்கிறான், வியாழக்கிழமை மட்டும் பிரஷ். ஒருமுறை வேறொரு ஹோட்டலில் பெரிய ஹாலில் வாசிக்க அழைத்து, "சத்தம் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கணும், அதுக்குத் தகுந்த கிட்டார் எங்ககிட்டயே இருக்கு" என்றார்கள். அக்கா மரியாதையாக, "எனக்கு வியாழக்கிழமை வேலை இருக்குங்க" என்றாள். அழைத்தது சனிக்கிழமைக்கு என்று வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் அவள் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறாள். முதலாளி முதலில் முணுமுணுத்தார், இப்போது வழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் அந்தப் பருமனான பெட்டி ஒரு ஆளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். "என்னம்மா இவ்ளோ பெரிசு, இதவிடச் சின்னதாக் கிடைக்கலையா?" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. "கிடைச்சுது. வச்சுப் பாத்துட்டுத்தான் இத வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.